அச்சுக்கூடங்களும் தமிழ் மறுமலர்ச்சியும்

ஒரு மொழிக்கு இருவகை வாழ்வு உண்டு. நாவில் வாழ்வது ஒன்று. நூலில் வாழ்வது மற்றொன்று. நாவில் வாழும் மொழி பேசுவோருடன் ஊர்விட்டு ஊர் செல்லும், கடல் கடக்கும், புதிய மண்ணின் சொற்களை ஏற்று உருமாறும். நூலில் வாழும் மொழியோ ஆயிரம் ஆண்டுகட்கு முன் வாழ்ந்தோரை இன்று பிறந்த குழந்தையோடு உரையாடச் செய்யும். நாவில் மட்டும் வாழ்ந்து, நூலில் வாழாத மொழி, பிறந்த மண்ணைவிட்டு நீங்கிய குடும்பங்களில் மூன்றாம் தலைமுறைக்குள் தேய்ந்துவிடுவதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

அந்தமானில் வாழும் தமிழராகிய நமக்கு இது ஏட்டளவில் நிற்கும் செய்தியன்று. நம் பிள்ளைகள் கடைத்தெருவில் இந்தி பேசுகின்றனர். பலர் பள்ளியில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பயில்கின்றனர். வீட்டிற்கு வந்து தாயிடம் தமிழில் சோறு கேட்கின்றனர். அவர்தம் நாவில் தமிழ் உண்டு. கண்ணில் உண்டா? இந்த வினாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு, பழந்தமிழ் நூல்கள் அழிவினின்றும் தப்பி அச்சேறிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். அவ்வரலாற்றில் பெரும்பணி ஆற்றியோருள் பலர் பிறந்த மண்ணைவிட்டுக் கடல் கடந்தவர்கள் என்பது நமக்கு ஊக்கமளிக்கும் உண்மையாகும்.

வெனிஸ் நகரத்து அச்சகம்

முதலில் ஐரோப்பாவைக் காண்போம். பண்டைய கிரேக்க, உரோம நூல்கள் பலவும் மடாலயங்களின் அலமாரிகளில் தூசு படிந்து கிடந்த காலம் ஒன்று இருந்தது. அவற்றைத் தேடியெடுத்துக் கற்று, மனிதனின் அறிவையும் பண்பையும் வளர்ப்பதே கல்வியின் பயன் என்று கருதிய அறிஞர் கூட்டம் ஒன்று இத்தாலியில் தோன்றிற்று. அவர்களுள் ஒருவரான பொக்கியோ என்பார் 1417ஆம் ஆண்டில் செருமானிய நாட்டு மடாலயம் ஒன்றில் லுக்ரீசியஸ் என்னும் உரோமப் புலவரின் காவியத்தைக் கண்டெடுத்தார். பிளாரன்சு நகரில் வெஸ்பாசியானோ என்ற நூல் வணிகர் எழுத்தர் பலரை அமர்த்திப் பிரதி எடுப்பித்து, செல்வர்க்கும் சிற்றரசர்க்கும் விற்று வந்தார். ஆயினும் கையால் எழுதும் நூலின் விலை ஏழைப் புலவனின் கைக்கு எட்டுவதாயில்லை.

செருமனியில் கூட்டன்பர்க்கு என்பவர் 1455ஆம் ஆண்டளவில் தனித்தனி உலோக எழுத்துகளைக் கோத்து விவிலியத்தை அச்சிட்டு முடித்தார். பத்து ஆண்டுகளில் அக்கலை இத்தாலியை அடைந்தது. வெனிஸ் நகரம் அதன் தலைநகர் போலாயிற்று. அங்கே ஆல்டஸ் மனூசியஸ் என்னும் பேரறிஞர் அச்சகம் நிறுவி, 1495 முதல் 1498 வரை அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கிரேக்க மொழியிலேயே ஐந்து பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். 1501இல் சாய்ந்த சிறிய எழுத்துகளை அமைத்து, கையில் எடுத்துச் செல்லத்தக்க சிறு வடிவில் வெர்ஜில் என்னும் புலவரின் பாடல்களை அச்சிட்டார். மேசைமேல் விரித்து வைத்தே படிக்க வேண்டிய பெருநூல், வழிநடைப் பயணத்திலும் உடன்வரும் தோழனாயிற்று.

கிரேக்க நூல்களைக் காத்தளித்த நகரம் கிரேக்க நாட்டில் இல்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 1453ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமாயிற்று. அதற்கு முன்னும் பின்னுமாகக் கிரேக்கர் பலர் இத்தாலியில் குடியேறினர். பெஸ்ஸாரியோன் என்னும் கிரேக்கர் தாம் வாழ்நாளெல்லாம் சேர்த்த எழுநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்து நூல்களை 1468இல் வெனிஸ் நகருக்கு வழங்கினார். ஆல்டஸின் அச்சகத்தில் கிரேக்க நூல்களைப் பிழை திருத்திய முசூரஸ் கிரீட் தீவினர். அத்தீவினரான கல்லியேர்கிஸ் என்பவரும் அந்நகரில் 1499இல் பெரிய கிரேக்கச் சொல்நூல் ஒன்றை அச்சிட்டார். தீவிலிருந்து வந்து குடியேறிய ஒரு சிறு கூட்டம் தன் தாய்மொழிச் செல்வத்தை உலகிற்கே வழங்கிற்று!

இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. ஆல்டஸும் அவர் நண்பரும் சேர்ந்து ஒரு கழகத்திற்கு விதி வகுத்தனர். கூட்டத்தில் கிரேக்கத்தில் மட்டுமே பேசவேண்டும். தவறியவர் சிறு தொகை அபராதம் செலுத்தவேண்டும். அத்தொகை சேர்ந்ததும் அனைவருக்கும் விருந்து. தண்டனையும் விருந்தாக முடியும் அவ்விதியை நம் இல்லத்தரசியர் மனத்திற்கொள்ள வேண்டுகிறேன்.

ஓலைச்சுவடியின் துன்பம்

இனி நம் நாட்டிற்கு வருவோம். தமிழ் நூல்கள் பனையோலையில் எழுத்தாணியால் எழுதப்பெற்றன. ஓலை நெடுநாள் உழைக்கும் பொருள்தான். எனினும் சாகாவரம் பெற்றதன்று. செல்லரிக்கும், பூச்சி துளைக்கும், நாளடைவில் முறியும். ஆதலின் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை புதிய ஓலையில் படியெடுத்தாக வேண்டும். படியெடுப்பார் இல்லாத நூல் ஓசையின்றி மறையும்.

படியெடுப்பதிலும் இடர்கள் பல. ஓலையில் புள்ளியிட்டால் கிழியுமென்று மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வேற்றுமை தெரியாது. காலும் ரகரமும் ஒரே வடிவாகத் தோன்றும். பாட்டும் உரையும் அடி பிரியாமல், சொல் பிரியாமல் ஒரே தொடராக ஓடும். கணக்கெழுதும் தொழிலில் உள்ள என் போன்றோர் இதன் விளைவை எளிதில் உணர்வர். ஒரு பேரேட்டில் ஏழு என்னும் இலக்கம் ஒன்று எனப் பதிந்துவிட்டால், அதைப் பார்த்து எழுதும் ஒவ்வொரு பேரேட்டிலும் அப்பிழை வழிவழியாக வளரும். பழைய மூலச்சீட்டு கிடைத்தாலன்றித் திருந்தாது. ஏட்டுப்பிழையும் அத்தகையதே. ஒரு நூலின் ஏடுகள் பலவற்றைத் தேடி ஒப்புநோக்கினாலன்றி உண்மைப் பாடம் புலப்படாது.

இவற்றோடு அறியாமையும் சேர்ந்தது. பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்று வெள்ளத்தில் விடுவது புண்ணியம் என்று கருதினர் சிலர். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் இருந்த ஏடுகளை நாடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அவை முறைப்படி நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இடப்பெற்றன என்று கேட்டு மனம் நொந்தார். தீயில் இட்டோர் தமிழ்ப் பகைவர் அல்லர், பத்தியுடையவர்களே. நூலைப் போற்றத் தெரிந்தும் படிக்கத் தெரியாவிட்டால் விளைவது இதுவே.

தமிழ் எழுத்து அச்சேறிய நாள்

இந்திய மொழிகளுள் முதன்முதல் தன் எழுத்தில் அச்சேறியது தமிழ் என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்கது. 1554இல் போர்த்துகல் நாட்டு லிஸ்பன் நகரில் தமிழ்ச்சொற்களை உரோமன் எழுத்திலே கொண்ட கிறித்தவ வினாவிடை நூல் ஒன்று வெளியாயிற்று. பின்னர் 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் பதினாறு பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டு முடிக்கப்பெற்றது. அதனைத் தமிழாக்கியவர் அன்றிக்கே அன்றிக்கஸ் என்னும் போர்த்துகீசியப் பாதிரியார். முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் அவர்தம் அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தனர். கடலோடிப் பிழைத்த எளிய மக்களின் காசு தமிழ் அச்சின் முதற்பொருளுள் சேர்ந்தது என்பதை அறியும்போது உள்ளம் பூரிக்கின்றது. மறு ஆண்டே கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. 1586இல் ‘அடியார் வரலாறு’ என்னும் பெருநூல் அச்சாயிற்று.

அதன்பின் அச்சுப்பணி தளர்ந்து நீண்ட இடைவெளி ஏற்பட்டது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு என்னும் செருமானியப் பாதிரியார் மணலில் விரலால் எழுதும் சிறுவரோடு அமர்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார் என்பர். அவர் 1708இல் தாம் திரட்டிய நூறுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு விளக்கப் பட்டியல் ஒன்றும் எழுதினார். இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. 1713இல் செருமனியின் ஹால்லே நகரிலிருந்து தமிழ் எழுத்துகள் வந்தன. ஆனால் அவ்வெழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றைக் கொண்டு ஒரு நூல் அச்சிடக் கட்டுக் கட்டாகக் காகிதம் வேண்டியிருந்தது. எனவே உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். ஈயத்திற்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது பாற்கட்டி அடைத்து வந்த பெட்டிகளின் ஈயத்தகடுகளை உருக்கினர். 1715இல் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் தொடங்கினர். வெனிஸில் ஆல்டஸ் கண்ட உண்மையே பொறையாற்றிலும் தெளிவாயிற்று: எழுத்துச் சிறுத்தால் காகிதம் குறையும், காகிதம் குறைந்தால் விலை குறையும், விலை குறைந்தால் நூல் எளியவர் கையை எட்டும்.

இவையெல்லாம் பெரும்பாலும் சமய நூல்கள். தமிழரின் பழம்பெரும் இலக்கியம் அச்சேறிய காலம் 1812ஆம் ஆண்டாகும். அவ்வாண்டில் தஞ்சை ஞானப்பிரகாசன் என்பவரால் சென்னையில் திருக்குறள் மூலமும் நாலடியார் மூலமும் ஒருங்கே அச்சிடப்பெற்றன. 1835இல் அச்சகங்களுக்கு இருந்த கட்டுப்பாடு தளர்த்தப்பெற்றபின் தமிழ்ப் புலவர்கள் தாமே அச்சுக்கூடங்களை நிறுவத் தொடங்கினர்.

கடல் கடந்து வந்த இருவர்

அங்ஙனம் நிறுவியோருள் தலைசிறந்தவர் யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய அவர், பள்ளி இருந்தால் போதாது, பாடநூல் வேண்டும். பாடநூலுக்கு அச்சகம் வேண்டும் என்று கண்டார். 1849இல் கடல் கடந்து சென்னை வந்து அச்சியந்திரம் ஒன்றை வாங்கிச் சென்றார். சிறுவர்க்கு முதற்பாலபாடம் முதலிய நூல்களை எளிய நடையில் எழுதினார். 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கி வெளியிட்டார். 1861இல் பரிமேலழகர் உரையுடன் திருக்குறளைப் பதிப்பித்தார். பெரும்புலவரான அவர் குழந்தைகளுக்காக அரிச்சுவடி நிலைக்கு இறங்கி வந்ததைத் தாழ்வாகக் கருதவில்லை.

மற்றவர் சிறுப்பிட்டியில் 1832இல் தோன்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற்பட்டதாரிகளுள் ஒருவர். சென்னையில் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றியவர். பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். பகலெல்லாம் அலுவலகக் கணக்கைச் சரிபார்த்த கண்கள் இரவில் ஏட்டுப் பாடங்களைச் சரிபார்த்தன. ஏட்டின் கயிற்றை அவிழ்க்கும்போதே ஓரம் உதிர்வதைக் கண்டு அவர் பதைத்தார். இன்னும் சில ஆண்டுகள் தாழ்த்தால் ஒன்றும் எஞ்சாது என்று அஞ்சினார். 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை என ஒன்றன்பின் ஒன்றாக வெளியிட்டார். கலித்தொகை சங்கத் தொகை நூல்களுள் ஒன்று என்பதை யாவரும் அறிவோம். அதனை முதன்முதல் அச்சில் காட்டியவர் கடலுக்கு அப்பாலிருந்து வந்த ஓர் அலுவலர்!

குடந்தையில் எழுந்த ஒரு வினா

1880ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர். அவ்வூருக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் காணச் சென்றபோது, தாம் கற்ற நூல்களையெல்லாம் வரிசையாகக் கூறினார். அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் எனப் பட்டியல் நீண்டது. முதலியார் வியப்புறவில்லை; அவற்றிற்கு முற்பட்ட சீவகசிந்தாமணி முதலியவற்றைக் கற்றதுண்டோ என்று வினவினார். ஐயர் அதுவரை அந்நூலின் ஏட்டையும் கண்டதில்லை. முதலியார் தம்மிடமிருந்த படியைக் கொடுத்தார்.

அவ்வொரு வினா தமிழின் வரலாற்றையே மாற்றிற்று. சிந்தாமணி சமண காவியம். ஐயரோ சைவச் சூழலில் வளர்ந்தவர். சமயக் கொள்கை விளங்காத இடங்களில் குடந்தைச் சமண அன்பர்களின் இல்லந்தேடிச் சென்று மாணவர் போல் கேட்டறிந்தார். ஊரூராய் ஏடு தேடினார். கையொப்பக்காரர்களிடம் முன்பணம் திரட்டினார். சென்னைக்கு அலைந்து அச்சுத்தாள் திருத்தினார். 1887இல் நூல் வெளிவந்தது. தொடர்ந்து 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை ஆகியவற்றை வெளியிட்டார். 1942இல் மறையும் வரை அவர் பணி ஓயவில்லை. அவர் பெயரால் 1943இல் நிறுவப்பெற்ற நூல்நிலையம் அவர்தம் ஏட்டுச் செல்வத்தை இன்றும் சென்னையில் காத்து வருகின்றது.

இவற்றால் விளைந்தது யாது? தமிழன் தன் பழமையைப் புதிதாய்க் கண்டான். சேரனும் சோழனும் பாண்டியனும் கதைமாந்தராய் நின்ற நிலை மாறி, வரலாற்று மாந்தராயினர். கண்ணகி தெருக்கூத்தின் பாத்திரமாக மட்டும் நில்லாமல் காவியத்தலைவியாய் எழுந்தாள். சாதிக்கும் சமயத்திற்கும் அப்பால் மனிதனை மனிதனாகப் பாடிய புறநானூற்றுப் புலவர்கள் மீண்டும் பேசத் தொடங்கினர். கிரேக்க நூல்கள் ஐரோப்பாவிற்கு எதைச் செய்தனவோ, அதையே சங்க நூல்கள் தமிழகத்திற்குச் செய்தன. மறுமலர்ச்சி என்னும் சொல் ஈரிடத்தும் பொருந்துவதே.

யாருடைய புகழ்?

இப்புகழ் அச்சுப்பொறிக்கு உரியதா? பொறி ஒரு கருவியே. பிழையான ஏட்டைக் கொடுத்தால் ஒரு பிழையை ஆயிரம் பிழையாக்கித் தருவதும் அப்பொறியே. மூவர் கூடியதனால் இவ்வினை முடிந்தது. தேடித் திருத்திய புலவர் முதல்வர். பொருளீந்த புரவலர் இரண்டாமவர். மூன்றாமவர் யார்? ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ கொடுத்து நூலை வாங்கி வீட்டிற்குக் கொண்டு சென்று படித்த பெயர் தெரியாத மக்கள். அவர்கள் இல்லையெனின் சிந்தாமணியை அடுத்துச் சிலப்பதிகாரம் வந்திராது. ஆல்டஸின் அச்சகமும் வாங்குவோர் இல்லாதிருந்தால் ஓராண்டில் மூடப்பட்டிருக்கும்.

பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது, கம்பராமாயணமும் திருக்குறளும் பார்ப்பதற்கு அங்கே எளிதில் கிடைக்கவில்லையாம். சங்கம் வளர்த்த மதுரையிலேயே இந்நிலையா என்று வருந்திய அவர், 1901இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவி, நூல்நிலையமும் அச்சகமும் அதனோடு சேர்த்தார் என்பர். சங்கம் என்ற சொல்லுக்கு அவர் கண்ட முதற்பொருள் நூல் என்பதாயிற்று.

நம் கடமை

தேடித் திருத்தும் புலமை நம்மில் பலருக்கு இல்லை. அச்சகம் நிறுவும் செல்வமும் இல்லை. மூன்றாமவராக இருக்க என்ன தடை? 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேருக்கும் சென்னைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட கடல் உண்டு. அக்கடலைக் கடந்து நமக்கு அரிசியும் பருப்பும் வருகின்றன, புடவையும் வருகின்றது, பொங்கலுக்குக் கரும்பும் வேண்டுமென்று விரும்புகிறோம். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் தன் பெட்டியில் ஒரே ஒரு தமிழ் நூலுக்கு இடம் ஒதுக்கலாகாதா?

ஈரக்காற்றும் நீண்ட மழையும் உள்ள இத்தீவில் காகிதம் விரைவில் பூசணம் பூக்கும். கறையான் சுவரேறி வரும். பூட்டிய அலமாரியில் நூல் நெடுநாள் பிழைப்பதில்லை. நாள்தோறும் கைபட்டுப் புரளும் நூலே பிழைக்கின்றது. இதனை அலமாரி பற்றிய அறிவுரையாக மட்டும் கொள்ளற்க. ஏட்டை வணங்கித் தீயிலிட்டோரின் பிழையை, அச்சு நூலை வணங்கி அலமாரியிலிட்டு நாமும் செய்யாதிருப்போமாக.

ஆகவே நம் காலனியின் பெற்றோருக்கு மூன்று வேண்டுகோள் விடுக்கின்றேன். வாரத்தில் ஒரு மாலை, அரை நாழிகையேனும், குழந்தை உரக்கப் படிக்கக் கேளுங்கள்; பிழை வந்தால் நகையாதீர்கள், பிழைதிருத்தியே சாமிநாதையர் பெரியவரானார். ஆண்டிற்கு ஒரு நூல் சங்க நூலகத்திற்கு வழங்குங்கள். வீட்டில் ஓர் உண்டியல் வையுங்கள். தமிழ் பேசும் வேளை என்று குறித்த நேரத்தில் பிறமொழி கலந்தவர், தந்தையாயினும், ஒரு நாணயம் இடட்டும். நிறைந்ததும் அனைவரும் கூடிப் பாயசம் உண்ணுங்கள். வெனிஸ் நகரத்துப் பேரறிஞர்கள் வகுத்த விதி நம் வீட்டிற்கும் பொருந்தும்.

தாய்நிலத்தை விட்டு நீங்கியவர் தாய்மொழிக்குத் தொலைவானவர் என்று சிலர் எண்ணுவர். கிரீட் தீவினரும் யாழ்ப்பாணத்தாரும் அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கினர். தீவில் வாழ்வோர் மொழி காக்கலாம், காத்தும் இருக்கின்றனர். நம் பேரக்குழந்தைகள் இச்சங்கத்தின் ஆண்டு மலரைத் தாமே எழுத்துக்கூட்டிப் படிப்பார்களாயின், நாமும் அவ்வழியில் வந்தோர் என்று தலைநிமிர்ந்து கூறலாம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!